எதிர்க்கடைப் பலகை

எங்கள் கடைப் பலகையில் விலை எழுதுவது நான்தான். என் கணவர் அப்துல் ரஸாக்கின் எழுத்தை அவரே திரும்ப வாசிக்கமாட்டார். ஆகவே அந்த நாலு மாதமும் என் தம்பி நஜீபுக்கு விழுந்த அடியெல்லாம் என் கையால் விழுந்தவைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் இந்தப் பளீலா நல்லவள் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

கஹவத்தை பஸ் நிலையத்துக்குக் கிட்ட, வீதியின் இந்தப் பக்கம் எங்கள் கடை, அந்தப் பக்கம் நஜீபின் கடை. 2007 ஒக்டோபர் வரைக்கும் இரண்டும் ஒரே கடையாகத்தான் இருந்தன. அந்த வருஷம் படம் பார்க்கப் புதிதாக இரண்டு வகை டிஸ்க் வந்து எங்கள் குடும்பத்தைப் பிரித்தது. ஒன்று எச்.டி. டிவிடி, மற்றது புளூ-ரே. இரண்டிலும் படம் பளிச்சென்று தெரியும். ஆனால் ஒன்றின் டிஸ்க் மற்றதன் மெஷினில் ஓடாது, பழைய சாதாரண டிவிடி மட்டும் இரண்டிலும் ஓடும். இரண்டில் ஒன்றுதான் நிலைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எது என்பதுதான் தெரியாது. மலிவானது வெல்லும் என்றார் என் கணவர், எச்.டி. டிவிடிதான் மலிவு. படக் கம்பெனிகள் நிற்கும் பக்கம் வெல்லும், அது புளூ-ரே என்றான் தம்பி. மச்சானும் மச்சானும் ஒரு மாதம் சத்தம் போட்டார்கள். பிறகு நஜீப் வீதியைக் கடந்து போய்த் தனிக்கடை போட்டான். அதோடு பேச்சுவார்த்தையும் நின்றது.

ஒரு மெஷினுக்கு அவன் ஐம்பத்தையாயிரம் எழுதினால் நாங்கள் இருபத்தெட்டு எழுதுவோம். அவன் நாற்பத்தெட்டு என்றால் நாங்கள் இருபத்துநாலு. காலையில் எழுதிய விலை பின்னேரம் இருக்காது. கஹவத்தைச் சனங்களும் லேசுப்பட்டவர்களா? வாங்குவதை விட்டுவிட்டு, நாளைக்கு இன்னும் இறங்கும் என்று காத்திருக்கப் பழகிவிட்டார்கள். விலைக்குக் கீழே ஒரு வரி சேர்ப்பது என் வேலை. ‘எதிர்க்கடையில் வாங்கி ஏமாற வேண்டாம்’ என்றுகூட எழுதினேன். எழுதும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பெப்ரவரி நடுவில் கொழும்பு மொத்த வியாபாரி ஒருவர் போன் எடுத்தார். நாற்பது மெஷின், ஒன்று பத்தாயிரம், காசைக் கையில் தரவேண்டும் என்றார். அவ்வளவு மலிவாக ஒருவன் ஏன் தருகிறான் என்று யோசிக்கிற புத்தி எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. ஏப்ரலில் இந்தக் கடை அறையைச் சொந்தமாக எழுதி வாங்க ஒதுக்கி வைத்திருந்த நாலு லட்சத்தையும் கொடுத்தோம். வாங்காவிட்டால் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கட்டடச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். இரண்டு மாதம் இருக்கிறதே, அதற்குள் விற்றுவிடலாம் என்று நினைத்தோம்.

லொறி வந்து மெஷின்களை இறக்கிய மறுநாள் நஜீப் எனக்குப் போன் எடுத்தான். நாலு மாதத்துக்குப் பிறகு அவனுடைய குரல்.

“ராத்தா, மச்சானுக்குச் செல்லுங்கோ. அந்த டிஸ்க் முடிஞ்சி. கம்பெனிக்காரனே கைவிட்டுட்டான். இனி புதுசா ஒரு படமும் வராது. இதுக்கு மேல ஒரு மெஷினும் எடுக்கவேணாம்.”

நான் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “ஒன்ட தம்பிக்கு விக்க ஏலாம ஈக்கு. அதான் கதை கட்டுறான்.” எனக்கும் அது சரியென்றே பட்டது. அவன் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

அடுத்த நாள் பேப்பரில் செய்தி வந்திருந்தது. கணவர் கொழும்புக்குப் போன் எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவருடைய முகத்தில் ஈயாடவில்லை. நாற்பது பெட்டிகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

“ஞாயித்துக்கெழம தோட்டத்து ஆக்கள் வருவாங்க. அவங்களுக்கு இது தெரியாது. தெரியிறதுக்குள்ள தள்ளிவிடணும். நீ வாயத் தொறக்காத.”

நான் தலையாட்டினேன். அறை போய்விடும் என்று எனக்கும் பயம். பலகையில் பதினாலாயிரத்துத் தொள்ளாயிரம் என்று பெரிதாக எழுதினேன்.

தேயிலைத் தோட்டங்களில் சம்பள அட்வான்ஸ் போட்ட ஞாயிறு அது. பூசை முடிந்து தோட்டத்துச் சனங்கள் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஒன்பதரைக்கு நஜீப் தன் பலகையை வெளியே எடுத்தான். பழைய விலையை அழித்தான். சோக்குக் கட்டியை எடுத்து நீளமாக எதையோ எழுதினான். ஒரு விலை எழுத அவ்வளவு நேரம் எடுக்காது. எழுதி முடித்து, பலகையை பஸ் நிலையத்துப் பக்கமாகத் திருப்பி வைத்தான். காசு மேசையிலிருந்து எனக்குப் பலகையின் முதுகுதான் தெரிந்தது.

“எழுதிட்டான்,” என்றார் கணவர். “பஸ்ஸால எறங்குற எல்லாருக்கும் தெரியட்டும் எண்டு எழுதிட்டான். நம்மள முடிச்சிட்டான்.”

போய் வாசித்துவிட்டு வா என்று அவரும் சொல்லவில்லை. நானும் எழும்பவில்லை. எங்களுக்குப் பயத்தைவிட ரோஷம் பெரிது.

பஸ் வந்தது. சனங்கள் இறங்கிப் பலகைக்கு முன்னால் கூடி நின்றார்கள். கொஞ்சப் பேர் நஜீபின் கடைக்குள் போனார்கள். சற்று நேரத்தில் அவர்களே வெளியே வந்து, எங்கள் கடையைப் பார்த்துத் தமக்குள் பேசிக்கொண்டு வீதியைக் கடந்து வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். முன்னால் அருள்தாஸ், பக்கத்தில் அவர் மனைவி தெரேசம்மா. இருவரும் எங்களிடம் பழைய வாடிக்கை.

தோட்டத்து ஆட்கள் மெஷின் வாங்க வந்தால் எங்கள் டிஸ்க்கைப் போட்டுக் காட்டி ஏய்க்க முடியாது. வீட்டு டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டு வருவார்கள். அது ஓடினால்தான் மெஷின். இதனால் எத்தனையோ கலியாணங்களையும் சாவீடுகளையும் நான் இந்தக் கடையில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறேன்.

தெரேசம்மா கைக்குட்டையை அவிழ்த்தார். மகள் ஸ்டெபானியின் கலியாண டிஸ்க். மகள் இப்போது குவைத்தில். பார்த்துப் பார்த்து டிஸ்க் முழுக்கக் கீறல் விழுந்திருந்தது.

“இத கொஞ்சம் போட்டு காட்டுங்க நோனா. வீட்டு மெஷின்ல பாதியிலயே நின்னுருது. எதிர்க்கடையிலயும் போட்டு பாத்தோம். துப்பிருச்சு.”

என் கணவர் டிஸ்க்கை உள்ளே தள்ளினார். மெஷின் ரொம்ப நேரம் முனகியது. எல்லோரும் டிவியையே பார்த்தோம். பிறகு கோயில் வாசல் தெரிந்தது, மணமகள் தெரிந்தாள், பாட்டும் கேட்டது. கீறல் இருந்த இடங்களையும் நிற்காமல் தாண்டியது. “அந்தா நம்ம பவுல் மாமா!” என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். தெரேசம்மா டிவிக்குக் கிட்டப் போய் நின்றுகொண்டார்.

அருள்தாஸ் சிரிக்கவில்லை. என் கணவரை நேராகப் பார்த்தார்.

“மொதலாளி, இதுக்குன்னு விக்கிற புது டிஸ்க்கு, அதெல்லாம் இனி வருமா?”

கணவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். தெரேசம்மாவின் முதுகைப் பார்த்தேன். நாளைக்கு இந்த மனுசி பஸ்ஸை விட்டு இறங்கினால் நான் எந்த முகத்தோடு இங்கே உட்கார்ந்திருப்பது?

“வராது,” என்றேன். “அது நின்டு போச்சி. இனி இதுல ஒங்கட பழைய டிஸ்க்குத்தான் பாக்கலாம்.”

கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அறை போய்விட்டது, நானே கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அருள்தாஸ் மூச்சை விட்டார்.

“சரி. அப்ப இதே வெலைக்கு குடுக்காதீங்க, கொறைங்க. நம்ம கிட்ட இருக்கறதே பழைய டிஸ்க்குதானே. வரும்னு சொல்லியிருந்தீங்கன்னா அடுத்த பஸ்ஸுல ஏறியிருப்போம். இவங்க எல்லாரும்தான்.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் கணவர்.

“எதிர்க்கட மொதலாளி சொன்னாரு. ‘புது டிஸ்க்கு வராது, அத அவங்க வாயாலயே கேட்டுட்டு வாங்குங்க’ன்னாரு. பலகையில என்ன எழுதி வச்சிருக்காருன்னு நீங்க பாக்கலியா?”

ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்குப் பேசி முடித்தோம். ஒன்றுக்கு ஐந்நூறு நட்டம். பின்னேரத்துக்குள் பதினேழு பெட்டி போய்விட்டது. மற்றத் தோட்டங்களிலிருந்தும் அடுத்த ஞாயிறு வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அறை தப்பிவிடும் என்று கணவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஒரு பிளேன் டீ கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

அன்று நஜீப் ஒரு மெஷினும் விற்கவில்லை. கடை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எங்கள் கூட்டத்தைப் பார்த்தபடி இருந்தான்.

சனம் குறைந்த பிறகு நான் எழும்பி வீதியைக் கடந்தேன். பலகைக்கு முன்னால் போய் நின்றேன். நாலு மாதத்தில் முதல் தடவையாக அதில் விலையே இல்லை. தம்பியின் கோணல் எழுத்தில் இப்படி எழுதியிருந்தது:

‘பழைய டிஸ்க் ஓடும் மெஷின், முன்னால் இருக்கும் எங்கள் ராத்தாவின் கடையில்.’

திரும்பிப் பார்த்தேன். வீதிக்கு அந்தப் பக்கம் எங்கள் பலகை நின்றது. விலைக்குக் கீழே, எதிர்க்கடையில் வாங்கி ஏமாற வேண்டாம் என்று, என் அழகான எழுத்தில்.