மூடியில் எழுதிய பெயர்

சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஐந்து பேர் சேராவிட்டால், கல்லூரியின் செயற்கை உயிரியல் அணிக்கு இந்த வருடத்தோடு மங்களம் பாடிவிடலாம். போட்டிக்கான பதிவுப் படிவத்தில் இதுவரை இருந்தது இரண்டே பெயர். ஒன்று கேப்டன். மற்றது ஜெராக்ஸ். யார் என்ன சொன்னாலும் கடைசி இரண்டு வார்த்தையைத் திருப்பிச் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு செரிக்காது.

அதனால்தான் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிமுகக் கூட்டம். ஆய்வகத்துக்குள் தின்னக்கூடாது என்பதால் பிஸ்கட் வராந்தாவில். வந்தவர்கள் பதினான்கு பேர். பிஸ்கட் தீர்ந்ததும் உள்ளே நுழைந்தவர்கள் ஏழு பேர். அதில் ஒருத்தி, இரட்டைச் சடைக்காரி, பிஸ்கட்டைத் தொடாமல் முன்கூட்டியே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"பயப்படாதீங்க. பாக்டீரியாவை ஒரு தையல்காரர்னு நினைச்சுக்குங்க," என்று ஆரம்பித்தாள் கேப்டன். "அளவுச் சீட்டு கொடுத்தா அதுபடி தைக்கும். மரபணுதான் அந்தச் சீட்டு."

"அந்தச் சீட்டு," என்றான் ஜெராக்ஸ்.

"தைச்சதுக்குக் கூலி?" என்று பின்வரிசையில் ஒரு நெட்டையன் கேட்டான்.

"கொஞ்சம் சர்க்கரை போதும். போட்டியில நாம புதுச் சீட்டு எழுதணும். பால் கெட்டா நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கற பாக்டீரியா, அந்த மாதிரி. வருஷக் கடைசியில நடுவர்கள் முன்னாடி நிரூபிக்கணும்."

மேஜையில் இரண்டு கண்ணாடித் தட்டுகள். ஒன்றில் ஜெல்லிமீனின் ஒளிரும் மரபணு போட்ட பாக்டீரியா. இன்னொன்றில் ஒன்றும் போடாத வெறும் பாக்டீரியா. விளக்கை அணைத்து, நீல விளக்கைப் போட்டாள். பச்சையாக ஜொலித்தது, 'மரபணு இல்லை' என்று எழுதியிருந்த தட்டு.

மணி நாலு நாற்பது.

"அக்கா, சும்மா விட்டாலே எரியுதே! அப்புறம் எதுக்குத் தையல்காரர்?" என்றான் நெட்டையன். சிரிப்பில் ஸ்டூல்கள் ஆடின. இரண்டு பேர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள்.

ஜெராக்ஸ் அவள் காதருகே குனிந்தான். "இருட்டுதானே? தட்டை நைசா மாத்தி வெச்சிடவா?"

கேப்டனுக்கு ஆசைதான். ஆனால் பொய்யைக் காட்டி ஆள் சேர்த்தால், நடுவர் முன்னால் அதே ஆட்கள் என்ன காட்டுவார்கள்? விளக்கைப் போட்டாள்.

"எங்கேயோ தப்பு நடந்திருக்கு. எங்கேன்னு எனக்குத் தெரியலை. நீங்க சொல்லுங்க."

"தூசி விழுந்திருக்கும்." "மரபணு பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருக்கும்." இரட்டைச் சடைக்காரி மட்டும் சுவரைக் காட்டினாள். அங்கே கேப்டனின் கையெழுத்திலேயே ஓர் அறிவிப்பு. அவள் உரக்கப் படித்தாள்: "தட்டின் பெயரை அடியில் எழுதுக. மூடியில் எழுதுபவர் முட்டாள்."

எல்லோரும் தட்டுகளைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரியட்டும் என்று, மூடிகளில் கொட்டை எழுத்தில் பெயர்கள்.

"நான் முன்னாடியே வந்தப்போ ரெண்டு மூடியையும் கழட்டித் தண்ணி துடைச்சீங்கக்கா. எங்க வீட்டுல டப்பா மூடியெல்லாம் இப்படித்தான் மாறும்."

கேப்டனுக்கு முகம் சுண்டைக்காய் ஆனது. "இருக்கலாம். ஆனா இருக்கலாம்ங்கறது நிரூபணம் இல்லையே?"

"காலையில தட்டுல வளர்ந்திருந்த பாக்டீரியாப் புள்ளிங்களை எண்ணினோம்!" என்று நோட்டைப் புரட்டினான் ஜெராக்ஸ். எல்லோர் முன்னாலும் அவன் சொந்த வாக்கியம் பேசி அவள் கேட்பது அன்றுதான் முதல்முறை. "மரபணுத் தட்டுல முப்பத்தொண்ணு. வெறும் தட்டுல எண்பத்தாறு."

ஏழு தலைகளும் மேஜைமேல் கவிழ்ந்தன. பை மாட்டியவர்கள் பையோடே எண்ணினார்கள்.

"இருபத்தொன்பது, முப்பது..."

"ஏய், அது ஒட்டிக்கிட்டு இருக்கற ரெண்டு!"

"ஒண்ணுதான். லேசா குண்டு."

"உன் மூக்குக்கண்ணாடியை மாத்துடா! நடுவுல இடுக்கு தெரியுது பாரு!"

மூன்று முறை எண்ணினார்கள். ஜொலித்த தட்டில் முப்பத்தொன்று; மாறியது மூடிதான். மறுபடியும் இருட்டாக்கி நீல விளக்கைப் போட்டபோது, ஏதோ தாங்களே பெற்று வளர்த்ததுபோல் கைதட்டினார்கள்.

மணி நாலு ஐம்பத்தைந்து. நெட்டையன் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டான். "குண்டா இருந்தா ஒண்ணா ரெண்டான்னு இந்த வருஷம் முடிவு பண்ணாம விடமாட்டேன்." பைக்காரர்கள் இருவரும் அவனுக்குக் கீழே போட்டார்கள். ஐந்து பேர் ஆகிவிட்டது.

இரட்டைச் சடைக்காரி மட்டும் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பேனாவா?" என்றாள் கேப்டன்.

"இல்லக்கா, மார்க்கர். இனிமே தட்டுல பேர் எழுதறது நான்தான். சரின்னா சேர்றேன்."

கேப்டன் மார்க்கரைக் கொடுத்தாள்.

"சரின்னா சேர்றேன்," என்றான் ஜெராக்ஸ்.