அப்பாவின் மூச்சுக்கு உட்கார்ந்தவர்கள்

அப்பாவுக்கு மூச்சு தானாக வருவது நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், டயர்க் கடை மாடியில் நடக்கும் தியான வகுப்பில். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஓடிக்கொண்டிருக்கும் எதையும் கை வைக்காமல் பார்க்கத் தெரியாதவர். மூச்சு வருவதையும் போவதையும் சும்மா கவனியுங்கள், மாற்றாதீர்கள் என்று வகுப்பை நடத்தும் அக்கா சொன்னார். அப்பா கவனித்தார். உள்ளே போவது லேசாக இழுப்பதுபோல் தோன்றியது, கொஞ்சம் சரிசெய்தார். அத்தோடு அது அவர் பொறுப்புக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு மூச்சையும் அவரே நினைத்து இழுத்து, நினைத்து விட வேண்டியிருந்தது. மறந்தால் உதடு நீலமாகும், அம்மா முதுகில் ஒன்று வைப்பாள், மறுபடி ஓடும். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் இப்போதுதான் கடையில் வாங்கியதுபோல இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

பகலைச் சமாளித்துவிடலாம், தூக்கம்தான் பிரச்சினை. தூங்கினால் யார் இழுப்பது? நாள் கணக்கில் விழித்திருந்து, கண் கோவைப்பழமாகி அடுத்த வகுப்புக்குப் போனவர் உட்கார்ந்ததுமே குறட்டை விட்டார். எல்லோரும் பதறி எழுந்தார்கள், குறட்டையும் நின்றது, மூச்சும் நின்றது. மறுபடி உட்கார்ந்து அவரவர் மூச்சைக் கவனித்தபோது இரண்டும் திரும்பி வந்தன. பக்கத்தில் யாராவது ஒருவர் தன் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும், அப்பாவுடையதும் கூடவே நடந்துவிடும் என்று அப்படித்தான் தெரிந்தது.

அதுவரை அந்த வகுப்புக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடு. மழை என்றால் பாதிப் பேர் இல்லை, மாமியார் வந்திருக்கிறார் என்றால் மீதிப் பேர் இல்லை. அதற்குப் பிறகு ஒருத்தரும் மட்டம் போடவில்லை. ராத்திரியானால் எங்கள் வீட்டுக்கு முறை வைத்து வந்தார்கள்: பகலில் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் அந்த வகுப்பு அக்கா, லாரி ஓட்டும் மாமா, தையல்கார அத்தை, "மூச்சு விடறதுக்கெல்லாம் கிளாஸா?" என்று கீழே உட்கார்ந்து கிண்டல் செய்துகொண்டிருந்த டயர்க் கடைக்காரரும்கூட. கவனம் போனால் கண்ணெதிரே ஒரு மனிதர் நீலமாகிறார் என்றால் யாருக்கும் கவனம் நிற்கும். தையல்கார அத்தைக்கு மட்டும் நடுவில் யாருடைய அளவாவது ஞாபகம் வந்துவிடும், அப்பா தூக்கத்தில் விக்குவார். "ஏய் தையலு, ஊசியக் கீழ வை" என்பார் லாரி மாமா, கண்ணைத் திறக்காமலே. இரண்டு வருஷம் இப்படிப் போனது.

என்னை மட்டும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஒரு பக்கம் படிப்பதற்குள் பத்துத் தடவை போனை எடுத்துப் பார்ப்பவள் நான். ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தை மூடிய அன்று வேறு வழியில்லாமல் போனது. வகுப்பு ஆட்கள் எல்லோரும் அக்கரையில். முந்தின ராத்திரி முழுக்க உட்கார்ந்த அம்மாவுக்குக் கண் செருகியது.

"செத்த நேரம் பாத்துக்கோடி. ஒண்ணுமில்ல, மூச்சுதான்."

"பயமா இருக்கும்மா. நான் தூங்கிட்டா?"

"தூங்காத" என்று சொல்லிவிட்டு அம்மா தூங்கிப்போனாள்.

அப்பாவின் பனியன் ஏறி இறங்குவதைப் பார்த்தேன். என்னால்தான் ஏறுகிறது என்று நினைத்ததும் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன். எப்போது கண் அசந்தது என்று தெரியாது. விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. அப்பா பக்கம் திரும்பப் பயந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குறட்டை கேட்டது. என் மூச்சோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. அடக்கிப் பார்த்தேன், நின்றது. விட்டேன், வந்தது. இனி யாரும் கவனிக்கவே வேண்டாம், நான் மூச்சு விட்டால் போதும் என்று ஆகியிருந்தது.

நான் பஸ்ஸுக்கு ஓடினால் எங்கோ ஏழாவது மாடியில் அப்பாவுக்கு இரைக்கும், உடனே போன் வரும்: "மெதுவாப் போம்மா, அது போனா இன்னொண்ணு." வகுப்பு கலையவில்லை. "இப்ப விட்டா அவ்ளோதான், மறுபடி நம்மள ஒண்ணு சேக்க இன்னொருத்தனுக்கு மூச்சு நிக்கணும்" என்றார் லாரி மாமா. வாரம் ஒருநாள் பழையபடி மாடியில் கூடினார்கள்.

பயம் என்னிடம் வந்து சேர்ந்தது. மாடிப்படியில் ஓடுவதில்லை, பலூன் ஊதுவதில்லை. எல்லோரும் படுத்த பிறகு, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அப்பா என்ன ஆவார் என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பள்ளியில் நீச்சல் தேர்வு வைத்தார்கள். குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தலையைத் தூக்காமல் போக வேண்டும். வயிற்று வலி என்று தள்ளிக்கொண்டே வந்தேன். டீச்சர் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார்.

"நான் முங்கினா நீங்க செத்துருவீங்கப்பா."

"யாரு சொன்னா? நானும் தம் கட்டிக்கறேன்."

"எவ்ளோ நேரம்?"

"நீ அந்தப் பக்கம் போய்ச் சேர்ற வரைக்கும். பெருசா கேக்க வந்துட்டா."

தேர்வன்று குளத்தோரப் பெஞ்சில் அப்பாவோடு வகுப்பு முழுக்க வந்து உட்கார்ந்துகொண்டது. நான் முங்கினேன். பாதி தூரத்தில் தம் தீர்ந்தது. காதுக்குள் திம்திம் என்று அடித்தது. தலையைத் தூக்கிவிடலாம் என்று நினைத்தபோது, மூடிய வாய் மூடியபடி இருக்க, தண்ணீருக்குள்ளேயே என் நெஞ்சு காற்றால் நிறைந்தது. மேலே எல்லோரும் கண்ணை மூடித் தங்கள் மூச்சைக் கவனிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அப்பா தம் கட்ட மறந்து அவர்களோடு இழுத்துவிட்டார், அது எனக்கும் வந்தது. இன்னொன்று வந்தது. சுவரைத் தொட்டேன், திரும்பினேன், தலையைத் தூக்காமலே புறப்பட்ட இடத்துக்கு நீந்தி வந்தேன்.

டீச்சர் விசில் ஊதினார். "போதும், மேல வா. அடுத்த ஆள்."