காய்ச்சல் என்று அக்கா சொன்னாள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. சொன்னவள் அக்கா, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் தம்பி. 'தம்பி' என்று எழுதினால் கை ஓடுகிறது. 'நான்' என்று தொடங்கிய நான்கு தாள்களும் குப்பைக்கூடையில் கிடக்கின்றன. ஆகவே தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

2

முதல் தொடக்கம்: "நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடுபவர் ஏழு ஆண்டுகள் முழுதாகக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு குடியுரிமை உறுதிமொழி எடுத்த நாளிலிருந்து..."

(பாடப்புத்தக வாடை. விட்டுவிட்டேன். விதியை மட்டும் நினைவில் வையுங்கள்.)

இரண்டாம் தொடக்கம்: அக்கா பேருந்து ஓட்டுநர். வேறு நாட்டில் பிறந்து இங்கே வந்தவள். மருத்துவமனை வாசலில் ஒரு நிறுத்தம் வேண்டுமென்று மூன்று ஆண்டுகள் மல்லுக்கட்டி வாங்கினாள். அந்த வழித்தடத்துப் பயணிகளே அவளைத் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். அவள் பெயரை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவன் தம்பி.

3

வேட்புமனு வாங்கிய அதிகாரியை முதலில் "ஈரமற்ற கண்களும் இறுகிய உதடுகளும்..." என்று எழுதினேன். பொய். அவரே அக்காவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். தேதிகளை மூன்று தடவை, ஏதாவது வழி கிடைக்காதா என்பதுபோல், விரல்விட்டு எண்ணினார்.

"ஏழு வருஷத்துக்கு இன்னும் பத்தொம்பது நாள் இருக்கும்மா."

"ஓடி வர்றவங்களுக்கு நான் பஸ்ஸ நிறுத்துவேன் சார். உங்க சட்டம் நிக்காதா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததற்கு வருந்தியவர்போல் கண்ணாடியைக் கழற்றினார். உறுதிமொழிக்கு முதலில் கொடுத்த தேதியிலேயே போயிருந்தால் ஒன்பது நாள் மிச்சமே இருந்திருக்கும், ஏன் தள்ளிப்போட்டீர்கள் என்று கேட்டார்.

அக்கா தம்பி பக்கம் திரும்பவில்லை.

"காய்ச்சல் சார்."

4

காய்ச்சல் இல்லை. அன்றைக்குத் தம்பியின் முதல் புத்தக வெளியீடு. உறுதிமொழியை அடுத்த தடவை எடுத்துக்கொள்ளலாம், முதல் புத்தகம் ஒரு தடவைதானே வரும் என்று அவன்தான் கெஞ்சினான். அடுத்த தடவை நான்கு வாரம் கழித்து வந்தது.

கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள். முன்வரிசையில், சீருடை மாற்றக்கூட நேரமில்லாமல், அக்கா. கைதட்டலில் பாதி அவளுடையது.

(மூன்றாம் பகுதியின் கடைசியில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. தம்பி சொல்லியிருக்க வேண்டிய வரி. சொல்லியிருந்தாலும் மனு தள்ளுபடிதான் ஆகியிருக்கும். பழி மட்டும் உரியவன்மேல் விழுந்திருக்கும்.)

5

முடிவு ஒன்று: அடுத்த தேர்தலில் அக்கா ஜெயிக்கிறாள். (அதற்கு ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன. இனிமேல் நிற்கப்போவதில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். அன்று அதிகாரியின் அலுவலகப் படியிறங்கும்போது சொன்னது இவ்வளவுதான்: "விடுடா. காலையில அஞ்சரை வண்டி எனக்கு.")

முடிவு இரண்டு: தம்பி மன்னிப்புக் கேட்கிறான். அக்கா "எதுக்குடா?" என்கிறாள். அதற்கு அவன்

(அதற்குமேல் நகரவில்லை.)

அக்கா நான் எழுதுவதைப் படிப்பதில்லை. வண்டி ஓட்டிக் கண் எரிகிறது, நீயே வாசி என்பாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். 'காய்ச்சல் சார்' வரை வாசித்து நிறுத்திவிட்டால் அவள் சிரிப்பாள், சாப்பிடப் போய்விடுவோம். அதைத் தாண்டினால் விடுபட்ட வரியை நான் என் வாயால் சொல்லியாக வேண்டும்.

தாள்கள் மேசையில் இருக்கின்றன. என் இடத்தில் நீங்கள் இருந்தால் எங்கே நிறுத்துவீர்கள்?