ஒரு வீடு தள்ளி

பாட்டுப் போட்டியில் உதயசூரியன் சொல்லும் நாடு ஜெயிக்காது, அதற்குப் பக்கத்து நாடுதான் ஜெயிக்கும் என்பது எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பக்கத்து நாடு என்றால் வரைபடத்தில் அல்ல, பாடும் வரிசையில். போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு பத்தாவதாகப் பாடும் நாடு என்றார், ஒன்பதாவது ஜெயித்தது. போன ஆண்டு நான்கு என்றார், மூன்று ஜெயித்தது. டிக்கெட் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து கண்காணிப்பாளராக உயர்ந்த மனிதருக்கு, ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது 'பக்கத்து வீட்டு ஜோசியர்' என்று பெயர் வந்து சேர்ந்தது.

பெயரை வைத்தவர் லாஞ்ச் ஓட்டும் செராங் ஜெபராஜ். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், மாதா பக்தர், ஜாதகம் பார்ப்பதைப் பாவம் என்று சொல்கிறவர். ஆனாலும் ஆசியப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று எப்போது வந்தாலும், ஜங்லிகாட்டில் இருக்கும் உதயசூரியன் வீட்டு டிவியில்தான் பார்ப்பார். தோற்றவர் சமோசா வாங்கித் தர வேண்டும் என்பது இருவருக்கும் உள்ள ஒப்பந்தம். இரண்டு வருஷமாக வாங்கித் தருபவர் உதயசூரியன்.

இந்த வருஷப் போட்டி மங்கோலியாவின் உலான்பத்தூரில். ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை, நம் நேரப்படி மாலை நான்கு மணிக்கு ஆரம்பம். மூன்று மணிக்கே உதயசூரியன் கூடத்துத் தரையில் சம்மணமிட்டு, பெரிய தாளில் ராசிக் கட்டம் போட்டுவிட்டார். இறுதிச் சுற்றுக்குப் பன்னிரண்டு நாடுகள், கட்டத்திலும் பன்னிரண்டு வீடுகள். போட்டி தொடங்கும் நேரத்தில் எந்த லக்னமோ அந்த வீடு முதல் பாட்டுக்கு. அடுத்த வீடு அடுத்த பாட்டுக்கு. இப்படி வரிசையாக நாடுகளை உட்கார வைத்துவிட்டு, சுக்கிரன் எந்த வீட்டில் பலமாக இருக்கிறார் என்று பார்ப்பது அவருடைய முறை.

"போட்டி நடக்குறது மங்கோலியாவுல. லக்னம் இங்கயா பாக்குறது?" என்று கேட்டாள் மகள் சௌமியா.

"கேள்வி எங்க பிறக்குதோ அங்கதான் லக்னம். கேக்குறது நாம, ஜங்லிகாட்ல உக்காந்து."

பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஒவ்வொரு சித்திரைக்கும் மெயின்லேண்டிலிருந்து மஞ்சள் அட்டையோடு கப்பலில் வந்து சேரும் புத்தகம். நான்கு மணிக்கு மீன லக்னம். மீனத்தில் முதலாவதாகக் கஜகஸ்தான், மேஷத்தில் இந்தியா. துலாமில் சுக்கிரன் சொந்த வீட்டில் ஆட்சி. அந்த வீட்டில் வந்து விழுந்தது எட்டாவது பாட்டு, பிலிப்பைன்ஸ். குரு கடகத்தில் உச்சமாக இருந்தார். அது நடுவர்களுக்கு நல்லது, பாடுகிறவருக்கு அல்ல என்று ஒதுக்கினார்.

"எட்டு" என்று தாளின் ஓரத்தில் எழுதி வட்டம் போட்டார்.

மனைவி இந்திராணி சமையலறை வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டாள். "எட்டு இருக்கட்டும். சாயங்காலம் மரகதம்மாவுக்குப் போன் பண்றேன்னு சொல்லியிருக்கீங்க. என்ன சொல்லப் போறீங்க?"

அவர் எட்டைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டார். சௌமியா தொலைக்காட்சியின் ரிமோட்டை எடுத்து, ஓடாத சேனல்களாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

சௌமியா வண்டூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறாள். அங்கே சுற்றுலாப் படகு ஓட்டும் பிரவீன்குமாருக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கும் பிடித்திருந்தது. மூன்று வாரம் முன்பு அவனுடைய அம்மா மரகதம் ஒரு தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு வந்து பெண் கேட்டாள். உதயசூரியன் இரண்டு ஜாதகத்தையும் பார்த்தார். சௌமியாவுக்கு நான்கில் செவ்வாய், தோஷம். பிரவீனுக்கு ஒன்பதில் செவ்வாய், தோஷமில்லை. தோஷமுள்ள பெண்ணைத் தோஷமில்லாத பையனுக்குக் கொடுத்தால் பையனுக்கு ஆகாது என்பது விதி. அவர் அதை அப்படியே சொல்லி, தட்டைத் திருப்பினார்.

"எங்களுக்குப் பரவாயில்லண்ணே" என்றாள் மரகதம். "பையன் கடல்ல போறவன். அவனுக்கு வர்ற ஆபத்து எல்லாம் செவ்வாய்லேர்ந்தா வருது?"

"உங்களுக்குப் பரவாயில்ல. என்னால ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கெடுதல் வரக்கூடாதும்மா."

அவள் தட்டை வாங்கிக்கொள்ளவில்லை. மூன்று வாரம் யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு, பழத்தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். அந்த மூன்று வாரம் இன்றோடு முடிகிறது. சௌமியா அப்பாவிடம் சண்டை போடவில்லை. ஒரே ஒருமுறை, "நீங்க வேண்டாம்னா நான் பண்ணிக்க மாட்டேன். ஆனா வேற யாரையும் பாக்காதீங்க" என்று சொன்னாள். அதற்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்குவது குறைந்தது.

மூன்றே முக்காலுக்கு ஜெபராஜ் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "எத்தன அண்ணாச்சி?" என்றார்.

"எட்டு."

"அப்பம் எனக்கு ஏழு." பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து வரிசைப் பட்டியலைப் பார்த்தார். "ஏழாவது யாரு? நேபாளமா? டீக் ஹை, சரிதான்."

"பாட்டக் கேக்காமலே சொல்லுறீரே."

"நான் எதுக்குக் கேக்கணும்? நீங்க சொன்னதுல ஒண்ணக் கழிக்கேன். உங்க சாஸ்திரமும் என் கழித்தலும் சேந்தா சரியான விடை வந்துருதுல்லா."

இந்திராணி சிரித்துவிட்டாள். உதயசூரியனுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

போட்டி தொடங்கியது. கஜகஸ்தான்காரர் இரண்டு நரம்பு வாத்தியத்தோடு குதிரை ஓடுவதுபோலப் பாடினார். இந்தியாவுக்காகப் பாடிய பெண்ணுக்குப் பின்னால் இருபது பேர் ஆடினார்கள். "இவங்க ஆடாம இருந்தா அந்தப் பிள்ள நல்லாப் பாடியிருக்கும்" என்றாள் இந்திராணி. ஏழாவதாக நேபாளத்திலிருந்து ஒரு நடுவயது ஆள் சாதாரணக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, கையை அசைக்காமல், தாலாட்டு மாதிரி ஒன்றைப் பாடிவிட்டுப் போனார். அதுவரை பேசிக்கொண்டிருந்த ஜெபராஜ்கூடப் பேச்சை நிறுத்தினார். எட்டாவது பிலிப்பைன்ஸ். குரல் கூரையைப் பிய்த்தது.

"குரல்னா இது!" என்றார் உதயசூரியன்.

"குரல் இருக்கு. சங்கு ஊதுனா எங்க கப்பல்லயும் இருக்கு" என்றார் ஜெபராஜ்.

ஒவ்வொரு நாடாக மதிப்பெண் சொல்லத் தொடங்கியது. நேபாளமும் பிலிப்பைன்ஸும் மாறி மாறி முன்னால் வந்தன. இந்திராணி எழுந்து விளக்கைப் போட்டாள். கடைசியாக மங்கோலியாவின் மதிப்பெண் வந்தபோது, கோட்டு போட்ட மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நேபாளம் ஜெயித்துவிட்டது. ஏழு.

ஜெபராஜ் கத்தவில்லை. மூன்றாவது முறை நடந்ததில் அவருக்கே கொஞ்சம் சங்கடம். "அரே யார், இது என்ன கூத்து" என்று முணுமுணுத்தார். பிறகு, வியர்வைக்கு விசிறிக்கொள்ள, கீழே கிடந்த பஞ்சாங்கத்தை எடுத்தார். விசிறிக்கொண்டே பக்கத்தைப் பார்த்தார். விசிறுவதை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, மணி என்ன?"

"அஞ்சு பத்து."

"உங்க புஸ்தகத்துல சூரியன் அஞ்சு நாப்பதுக்குத்தான் மறையுது." ஜன்னலைக் காட்டினார். வெளியே ஜங்லிகாட் கடைகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேற்கே வானம் சாம்பலாகிவிட்டது. "நாலு அம்பதுக்கே முங்கிட்டுதே. லாஞ்சுல நான் அஸ்தமனத்துக்கு விளக்குப் போடணும், எனக்குத் தெரியாதா? இது எந்த ஊருச் சூரியன்?"

உதயசூரியன் புத்தகத்தை வாங்கினார். முதல் பக்கத்தில், அட்டைக்குள், அவர் முப்பது வருஷமாகப் படிக்காமல் தாண்டிய சிறிய எழுத்து வரி இருந்தது. கணிதம் சென்னைக்கு.

"இந்திய நேரம் ஒண்ணுதானே" என்றார். அவர் குரல் அவருக்கே பலமாகப் படவில்லை.

"நேரம் ஒண்ணு. சூரியன் ஒண்ணா? சென்னைல ஆறு மணிக்குத்தான் விடியும். அப்ப நாங்க ரெண்டு டிரிப் அடிச்சிருப்போம்." ஜெபராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. தொடையைத் தட்டினார். "பேரு உதயசூரியன்! சூரியன் எப்ப உதிக்குன்னு தெரியல!"

இம்முறை சௌமியாவும் சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் முறை.

உதயசூரியன் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்தார். சென்னைக்கு வெகுதூரம் கிழக்கே இருக்கும் இந்தத் தீவில் சூரியன் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முந்தி வருகிறது. அப்படியானால் நான்கு மணியை நாலு ஐம்பது என்று வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். பார்த்தார். மீனம் நாலு இருபதுக்கே முடிந்துவிடுகிறது. லக்னம் மேஷம். கஜகஸ்தான் மேஷத்துக்கு நகர்ந்தது, இந்தியா ரிஷபத்துக்கு. சுக்கிரன் இருக்கும் துலாமில் வந்து உட்கார்ந்தது ஏழாவது பாட்டு. போன வருஷத் தாளையும் அதற்கு முந்தையதையும் அலமாரியிலிருந்து எடுத்தார். இரண்டிலும் ஒவ்வொரு வீடு நகர்ந்தது. மூன்று, ஒன்பது.

சாஸ்திரம் தப்பவில்லை என்று அவருக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் இந்திராணி கேட்டாள்.

"சௌமியா இங்க ஆஸ்பத்திரியில தானே பிறந்தா?"

தொலைக்காட்சியில் நேபாளக்காரர் பாட்டை மறுபடி பாடிக்கொண்டிருந்தார். சௌமியா எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தாள்.

மகளின் ஜாதகத்தை அவர் தேட வேண்டியிருக்கவில்லை, மூன்று வாரமாகச் சட்டைப் பையில் இருந்தது. பிறந்த நேரத்தோடு ஐம்பது நிமிடத்தைக் கூட்டினார். லக்னம் ஒரு வீடு நகர்ந்தது. நான்கில் இருந்த செவ்வாய் மூன்றுக்கு வந்தது.

"தோஷம் இல்ல" என்றார்.

"மாரியாத்தா!" இந்திராணி சுவரில் சாய்ந்தாள். "அப்ப ரெண்டு பேருக்கும் இல்ல. போனைப் போடுங்க."

"இரு."

பிரவீனும் வண்டூரில் பிறந்தவன். அதை அவர் மட்டும்தான் நினைத்தார். அவனுடைய ஜாதகத்தையும் விரித்து அதே ஐம்பது நிமிடத்தைக் கூட்டினார். இருமுறை கூட்டினார். ஒன்பதில் இருந்த செவ்வாய் எட்டுக்கு வந்துவிட்டது. எட்டாமிடத்துச் செவ்வாய், விதியில் எல்லாவற்றையும்விடக் கடுமையானது.

பென்சிலைக் கீழே வைத்தார். இப்போது தோஷம் பையனுக்கு. ஆகாமல் போகப்போவது சௌமியாவுக்கு.

இதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சொல்லாமல், சரி என்று போன் பண்ணலாம். சொல்லி, வேண்டாம் என்று மறுபடி தட்டைத் திருப்பலாம், புத்தகம் அவர் பக்கம் நிற்கும். ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கெடுதல் வரக்கூடாது என்று மரகதத்திடம் பேசியபோது எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது! அந்தப் பிள்ளை வேறு வீட்டுப் பிள்ளை. அவனைப் பெற்றவள் பரவாயில்லை என்று சொன்னபோது, பாவம், விவரம் தெரியாதவள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"என்னப்பா?" என்றாள் சௌமியா.

சொன்னார். எதையும் விடாமல் சொன்னார்.

அவள் கட்டத்தைக் குனிந்து பார்த்தாள். "அப்போ எனக்குத்தான் ஆபத்தா?"

"புத்தகம் அப்படிச் சொல்லுது."

"நீங்க?"

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் உதயசூரியன். கவுண்டரில் உட்கார்ந்து ஆயிரம் பேருக்கு 'இடமில்லை' என்று சொன்ன குரல் அப்போது அவரிடம் இல்லை.

ஜெபராஜ் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். "நான் கெளம்பட்டா?"

"இருங்க. சமோசா வாங்கணும்ல."

போனை எடுத்தார். மரகதம் இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் யாரோ படகை இழுக்கும் சத்தம் கேட்டது.

"மரகதம்மா, நான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன். சென்னைச் சூரியனை வச்சுப் போட்டுட்டேன். எங்க பிள்ளைக்குத் தோஷம் இல்ல. உங்க பையனுக்குத்தான் இருக்கு. எட்டுல."

அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது, பெரிய சிரிப்பு.

"அரே அண்ணே! அப்ப இனி பயப்படுறது உங்க முறையா?"

"ஆமாம்மா."

"மூணு வாரமா அந்தப் பயம் எனக்கு இருந்துச்சு. அன்னைக்குப் பரவாயில்லைன்னு உங்ககிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். அவன் படகெடுத்துட்டுப் போறப்பல்லாம் திரும்புற வரைக்கும் படகுத்துறையிலேயே நிப்பேன்." சிரிப்பு அடங்கியிருந்தது. "அப்படியும் வேண்டாம்னு சொல்ல வாய் வரல. உங்க பொண்ணப் பாத்தா எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு எப்படி?"

உதயசூரியன் மகளைப் பார்த்தார். அவள் கட்டத்துக்கு மேலே நின்றுகொண்டிருந்தாள். கால் விரல் துலாமின் மீது இருந்தது.

"எங்களுக்கும் பரவாயில்லம்மா" என்றார். சொன்ன பிறகுதான், அந்த வார்த்தைக்கு எவ்வளவு பாரம் என்று தெரிந்தது. "அந்தத் தட்டு இங்கதான் இருக்கு. நாங்க ஒரு தட்டோட வர்றோம். வர்ற ஞாயிறு வரலாமா?"

"வாங்க. நேரம் பாத்துட்டே வாங்க. ஆனா வண்டூர்ச் சூரியனுக்குப் பாருங்க."

போனை வைத்தார். இந்திராணி அழுதுகொண்டே எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். எதற்கு ஏற்றினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. சௌமியா சத்தமில்லாமல் தன் அறைக்குள் போனாள். உள்ளே போன் மணி அடித்தது, முதல் மணியிலேயே நின்றது.

உதயசூரியன் பஞ்சாங்கத்தை எடுத்து அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திறந்தார். சூரிய உதயம் என்று அச்சிட்டிருந்த எண்ணின் மேல் ஒரு கோடு கிழித்தார்.

"செராங்கு, வர்ற ஞாயித்துக்கிழமை இங்க எப்ப விடியும்?"

"அஞ்சேகால் வச்சுக்கிடுங்க. ரெண்டு நிமிசம் முன்னப்பின்ன இருக்கும்."

"அந்த ரெண்டு நிமிஷமும் வேணும்."

"நாளைக்கு லாஞ்சுக்கு வாங்க, அட்டவணை ஒட்டியிருக்கு." ஜெபராஜ் எழுந்து செருப்பைத் தேடினார். "சமோசாவுக்கு வாரியளா? அடுத்த வருஷம் நான் எதக் கழிக்கன்னு யோசிக்கணும். பொழைப்பக் கெடுத்துட்டீய."

உதயசூரியன் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் படி இறங்கினார். ஆறு மணிகூட ஆகவில்லை. ஜங்லிகாட் முழுக்க இருட்டிவிட்டிருந்தது.