மாற்றாத நான்கு போல்ட்டுகள்

மெக்கானிக் பெக்தெமிர் பிரித்துக் கோர்த்த என்ஜின் நடுவழியில் நிற்காது என்று நாரின் ஊரில் பேர். ஊரைவிட அதிகமாக அவரே அதை நம்பினார். பட்டறைக்கு யார் வந்தாலும் ஒரு பாடம் நடத்தாமல் விடமாட்டார். உறைகளைப் பிடிக்கிற போல்ட்டுகளைக் கழுவி, மரை பார்த்துத் திரும்பப் போடலாம்; ஆனால் பிஸ்டனை இணைக்கிற கனெக்டிங் ராடு போல்ட்டைக் கழற்றினால் புதுசுதான் போட வேண்டும், முறுக்கியதில் இழுபட்டது எப்போது அறும் என்று யாருக்கும் தெரியாது என்பார்.

ஜூன் மாதம் கால்நடை மருத்துவர் அய்னாகுல் தன் பழைய மோட்டார் சைக்கிளை என்ஜின் வேலைக்குக் கொண்டுவந்து விட்டாள். அதன் பக்கத்தில் பூட்டிய சைடுகாரில் தடுப்பூசிப் பெட்டியை வைத்துக்கொண்டு மலைமேல் இருக்கும் மேய்ச்சல் முகாம்களுக்குப் போகிறவள். சனிக்கிழமை கிளம்ப வேண்டும் என்றாள். வெள்ளிக்கிழமையே தருகிறேன் என்று பெக்தெமிர் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

வியாழனன்று உதிரிபாகக் கடை சாபிரிடம் போய்க் கேட்டால், அந்த ராடு போல்ட் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வர ஒரு வாரமாகும் என்றான். பெக்தெமிர் திரும்பி வந்து பழைய நான்கையும் மண்ணெண்ணெயில் கழுவி அளந்தார். மூன்று சரியாக இருந்தன. ஒன்று முடியளவு நீண்டிருந்தது. அளவுமானியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். பிறகு அதையே போட்டு முறுக்கினார்.

"எல்லாம் புதுசுதானேண்ணே?" என்று கேட்டாள் அய்னாகுல், வண்டியை எடுக்கும்போது.

"நம்ம வேலையில வேற எப்படிம்மா இருக்கும்?"

கேள்விக்குக் கேள்விதானே கேட்டோம், பொய் சொல்லவில்லையே என்று அப்போது அவருக்குத் தோன்றியது.

கணவாய் ஏற்றத்தில் போல்ட் அறுந்தது. ராடு என்ஜின் உறையைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. கொட்டிய எண்ணெயில் சக்கரம் சறுக்கி வண்டி கவிழ்ந்து, அய்னாகுலுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. தடுப்பூசி முழுவதும் வெயிலில் வீணாயிற்று.

பத்து நாள் கழித்து, கையில் மாவுக்கட்டோடு பட்டறைக்கு வந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றவரிடம், காத்திருந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் கேட்க, "உங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணே, அந்த சாபிர் போலிச் சரக்கைத் தலையில கட்டிட்டான்" என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். உட்கார், டீ குடி என்று மட்டும் சொன்னார். அவள் உட்காரவில்லை, பையில் கொண்டுவந்திருந்த அறுந்த போல்ட்டோடு கடைவீதியைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே அவரும் போனார். பத்து நிமிட நடை. அவ்வளவு தூரமும் வாய் வரவில்லை.

சாபிரின் பலகையில் போல்ட்டை வைத்து, மனுஷ உயிரோடு வியாபாரம் செய்கிறாயா என்று அய்னாகுல் பிடித்துக்கொண்டாள். கூட்டம் சேர்ந்தது. சாபிர் கோபப்படவில்லை. அவளைத் தாண்டி பெக்தெமிரைப் பார்த்தான்.

"நான் போல்ட் வித்தேனாண்ணே? வர ஒரு வாரமாகும்னுதானே சொன்னேன்? நீங்களே சொல்லுங்க."

பெக்தெமிருக்குக் காது மடல் எரிந்தது. "அவன் விக்கல. பழசையே போட்டேன்."

"தெரிஞ்சா?" என்றாள் அய்னாகுல்.

"அளந்து பார்த்துத்தான் போட்டேன்."

"ஒரு வாரமாகும்னு சொல்லியிருந்தா நான் குதிரையில போயிருப்பேனேண்ணே" என்றாள்.

யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. சொன்ன நாளில் முடிக்கவில்லை என்று ஒருவர் சொல்லிவிடக்கூடாது, அவ்வளவுதான். அந்த அற்ப வீம்புக்கு ஒரு கை ஒடிந்திருந்தது. அவள் சாபிரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பெக்தெமிரைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

புது உறையும் போல்ட்டுகளும் பிஷ்கெக்கிலிருந்து வந்ததும் சொல்லியனுப்பினார். அவள் வேறு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோயிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவளோ வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து, ஒரு முக்காலியை என்ஜின் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெக்தெமிர் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து நீட்டினார். அவள் வாங்கி, புதுசுதானா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள். நான்கையும்.