இரண்டாம் நாற்காலியின் கொலைக்கதை

முதல் நாற்காலிக்காரருக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? பதினெட்டு வருஷமாக அவரிடமே தலையைக் கொடுத்துவந்த தபால்காரர், மூணு மாசத்துக்கு முன்னால் அதே சலூனில் இரண்டாம் நாற்காலிக்குத் தாவிவிட்டார். மற்ற வாடிக்கைக்காரர்கள் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். தபால்காரரோடு ஊர் வம்பு பேசிக்கொண்டே முடிவெட்டுவதில் ஒரு சுகம் இருந்தது. அது போனதைத்தான் தாங்க முடியவில்லை.

எல்லாம் அந்தப் புதுசால் வந்த வினை. இரண்டாம் நாற்காலிக்குப் புதிதாக வந்த அவனுக்குக் கடையில் பெயரே புதுசுதான். சீப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கொலை நாவலை வைத்துக்கொண்டு, உட்காருகிறவர்களிடமெல்லாம், "படிச்சிருக்கீங்களா சார்? படிக்கலேன்னா பாதி வாழ்க்கை போச்சு" என்று ஆரம்பிப்பான். கதையில் ஒரு பணக்காரர் குத்துப்பட்டுச் செத்துக் கிடக்கிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் இடதுகைக்காரன், இளையவன் வலதுகைக்காரன். கிருதாவைச் சரிசெய்யும்போது கதை சூடுபிடிக்கும். உடனே துணியை உதறி, "மிச்சத்தைப் படிச்சுத் தெரிஞ்சுக்குங்க" என்பான். கேட்டவர்களுக்குக் கொடுக்க நாலு பிரதி வேறு வைத்திருந்தான், படுபாவி!

"நீங்களும் ஒரு தடவை படிங்களேன் அண்ணே" என்று இவரிடமும் நீட்டினான்.

"எனக்கு வேற வேலை இருக்கு" என்றார். இவன் சொல்லி நான் படிப்பதா? அதற்குக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் காது சும்மா இருக்குமா? நாவலை முடித்துவிட்டு வந்த பேங்க் வாட்ச்மேனிடம் புதுசு கிசுகிசுத்தான். "கத்தியைப் பிடிச்சது எந்தக் கைன்னு கடைசி வரைக்கும் தெரியலேல்ல? இந்தக் கை!" என்று வலது கையைத் தூக்கினான். முதல் நாற்காலிக்காரர் பார்த்தது கண்ணாடியில். நாள் பூராவும் மனுஷர்களைக் கண்ணாடியிலேயே பார்த்துப் பழகியவருக்கு, அதில் தெரிகிற ஆள் எதிரே நிற்பதாகவே நினைப்பு. அப்படிப் பார்த்தால் அது இடது கை. ஓஹோ, மூத்தவன்தானா என்று முடிவுகட்டிவிட்டார்.

சனிக்கிழமை தபால்காரர் வந்தார். முதல் நாற்காலி காலி. புதுசு வேறு ஒருவருக்கு வெட்டிக்கொண்டிருந்தான். தபால்காரர் பெஞ்சில் உட்கார்ந்து நாவலைப் பிரித்தார்.

"வாங்க, உட்காருங்க" என்று இவர் துணியை உதறினார்.

"பரவாயில்ல, இன்னும் பத்துப் பக்கம்தான். தம்பி முடிக்கட்டும்."

அவ்வளவுதான், தலைக்கு ஏறிவிட்டது. "அந்தப் பத்துப் பக்கத்துல என்ன கொட்டிக் கிடக்கு? மூத்தவன்தான் கொன்னான். இடதுகைக்காரன். போதுமா?"

தபால்காரரின் முகம் தொங்கிப்போயிற்று. அதைப் பார்த்ததும் இவருக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது, கூடவே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

புதுசு ஒரு நிமிஷம் இவரையே பார்த்தான். கொன்றவனையே மாற்றிச் சொன்னதில், இவர் புத்தகத்தைத் தொடவே இல்லை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. போட்டு உடைக்கப் போகிறான், மானம் கப்பலேறப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அவன் சிரித்தான். "அண்ணன் உங்களை ஆழம் பார்க்கிறார் சார். அந்த நாவலைக் கரைச்சுக் குடிச்சவராச்சே! நிஜம் சொன்னாரா, புளுகினாரான்னு படிச்சுத்தான் பார்க்கணும்."

தபால்காரர் துள்ளி எழுந்தார். "அட, நீங்களும் படிச்சாச்சா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று நேராக வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். "வெட்டிக்கிட்டே பேசுங்க. உங்களுக்கு எந்த இடம் ரொம்பப் பிடிச்சுது?"

எடுத்த கத்தரி அப்படியே நின்றுவிட்டது.

"அந்தக் கிணத்தடி இடம்தானே அண்ணே?" என்றான் புதுசு, தலையைத் திருப்பாமலே.

"ஆமாம்" என்றார். பதினெட்டு வருஷச் சிநேகிதர் திரும்பி வந்துவிட்டார்தான். ஆனால் அவரையும் அந்தப் பயல் அல்லவா தூக்கிக் கொடுத்திருக்கிறான்! பாவி, நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, தபால்காரரின் பிடரியில் சீப்பை வைத்தார்.