ஐந்தாவது முள்

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் என் மாமனார் ரோம்புக் நின்ற விதமே எனக்குப் பிடிக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் உள்ளிருந்த ஈட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்கள். இவர் மட்டும் அதன் முட்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"அஞ்சாவது முள்ளு இல்ல பாத்தியா மருமகளே? அது எங்க அண்ணன் விலாவோட மண்ணுக்குள்ள கிடக்கு."

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று மூன்று மாத இரவலாக எங்கள் மவுண்ட் ஹேகன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய ஈட்டி அது. கட்டைப் பிரித்துப் பெட்டியில் வைத்தவளே நான்தான். 'உடையவர் தெரியவில்லை' என்றது அட்டை, நம்பிவிட்டேன். கொன்றவன் தன் ஆயுதத்தை எல்லார் முன்னாலும் முறித்தால்தான் எங்கள் குலங்களுக்குள் சமாதானம். நான் குழந்தையாக இருந்தபோது, மாமனாரின் அண்ணனைக் கொன்ற என் அப்பா நிகிண்ட் அப்படி முறித்தார். அதை நம்பித்தான் பின்னால் என்னை அந்தக் குலத்துக்கே கட்டிக்கொடுத்தார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா தலை நிமிரவில்லை.

"முறிக்கிறதுக்கு முந்தின நாளே இத ஒரு வெள்ளைக்காரன்கிட்ட குடுத்துட்டேன். ஒரு ரேடியோவுக்குப் பதிலா. முறிச்சது வேற ஈட்டி."

அந்த ரேடியோவுக்கு நான் ஆடியிருக்கிறேன். அப்பா மேல் வந்த கோபத்தில் கண் இருட்டியது.

"அப்ப பொய்யிலதான் எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுத்தியா?" என்றார் மாமனார். வெளியே அவருடைய ஆட்கள் இரண்டு லாரி நிறைய வந்திருந்தார்கள். தலையில் இறகு செருகிய என் மகன்கள் இருவரும் அவர்கள் நடுவில் நின்றார்கள். "நான் வெளிய போய் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

நான் பெட்டியைத் திறந்தேன்.

"தொடாத! ஒரு கீறல் விழுந்தாலும் உன் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு!" என்று அருங்காட்சியக இயக்குநர் ஓடிவந்தார்.

ஈட்டியை அப்பாவின் மடியில் வைத்தேன். "எந்திரிங்கப்பா. இப்பவாவது முறிங்க."

முழங்காலில் வைத்து அழுத்தினார். கரும்பனை மரம், அசையவே இல்லை. மறுபடி அழுத்தினார்.

"கிழங்கு திங்கிறியா இல்லியாடா நீ?" என்றபடி மாமனார் எழுபது வயதுக்கு வேகமாகவே வந்து மறுமுனையைப் பிடித்தார். முறிக்கவா, பிடுங்கவா, எனக்குத் தெரியவில்லை. அப்பா விடவில்லை. இரண்டு கிழவர்களுக்கும் நடுவில் ஈட்டி மெல்ல வளையத் தொடங்கியது.